துரையின் தண்ணீர்

அத்தியாயம் 6

அண்ணனின் எட்டாம் நாள் படையலுக்கு முந்தின காலை, பரஞ்சோதி வீட்டுக்குப் பின்னால் பைப்படியில் குந்தி உட்கார்ந்து ஒரு பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையணை அளவுப் பஞ்சு. மீன்தொட்டியின் வடிகட்டிக்குள் இருந்து எடுத்தது. பிழியப் பிழியக் கோப்பித் தூள் கரைந்தது போல் பழுப்பாக வந்துகொண்டே இருந்தது.

“இவ்வளவு அழுக்கக் குடிச்சுத்தான் துரை ரெண்டடி வளர்ந்தாரா பாஸ்?” என்று கேட்டாள் ரப்பர் குழாயைப் பிடித்திருந்த அவர் உதவியாளர் ஷாமளா.

“அண்ணனுக்கு ரெண்டு மாசமா முடியல. யாரு இதெல்லாம் பார்த்தா?”

“அப்ப இன்னிக்குத் துரைக்கு ஸ்பா லா.”

துரை என்பது மீனின் பெயர். தங்க நிறக் கெலிசா, அரோவானா வகை. வருகிறவர்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அண்ணன் சின்னையாவும் அவர் மனைவி குணசுந்தரியும் துரைமார் ஆண்ட ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்தப் பார்வைக்கு அவர்களுக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

வீட்டுக்குள் பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் படையலுக்கு முன்னால் ஒரு மூலை விடாமல் கழுவித் தீட்டுக் கழிக்க வேண்டும். தொட்டியைத் தொட எல்லோருக்கும் பயம். பரஞ்சோதிதான் முன்வந்தார். துரையைப் பெரிய பேசினில் மாற்றினார். கண்ணாடியைத் தேய்த்தார், கற்களைக் கழுவினார். பைப் தண்ணீரை நேராக ஊற்றினால் அதிலுள்ள குளோரின் மீனைக் கொன்றுவிடும், நாலு நாள் திறந்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அண்ணனிடமிருந்து அவர் கற்றது. அண்ணன் நிரப்பிவைத்துப் போன மூன்று நீலப் பீப்பாய்களும் நிறைந்திருந்தன. அதையே தொட்டியில் ஊற்றினார்.

கடைசியாகப் பஞ்சு. அது வெளுக்கும்வரை பைப்பைத் திறந்துவிட்டுக் கசக்கினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறிக்கிறதென்று ஷாமளா குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை துரை செத்து மிதந்தது.

லூனாஸில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்து இருபது வருடம் ஆகிறது பரஞ்சோதிக்கு. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கும் வேலை. அத்தனை வருடத்தில் எந்த வழக்கையும் அவர் இவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. பன்னிரண்டாம் நாள் காலை அண்ணனின் மருமகன் ஜெயகுமார் வந்ததும், ஒரு பாட்டிலிலிருந்து எதையோ தொட்டியில் ஊற்றியதும், காலிப் பாட்டிலைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்ததும் குணசுந்தரி அடுப்படியிலிருந்து பார்த்தது. மறுநாள் மீன் இல்லை. அண்ணன் தண்ணீர் சோதிக்க வைத்திருந்த மருந்தையே எடுத்துப் பரஞ்சோதி தொட்டித் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய் கரும்பச்சையாக மாறியது. அமோனியா.

ஜெயகுமாருக்கு வேலை பாடாங் செராய்க்கு வெளியே ஒரு பால் தொழிற்சாலையில். ரப்பர் பால் உறையாமல் இருக்க அதில் கலப்பது அமோனியா. போதாததற்கு, அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “மீன வித்துடலாம் மாமா, பராமரிக்க ஆளில்ல” என்று சொன்னதும் அவன்தான்.

பரஞ்சோதி அன்று மாலையே உறவினர் பதினைந்து பேர் முன்னால் எழுந்து நின்று இதையெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கிச் சொன்னார். ஜெயகுமார் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான்.

“நான் கெடுதல் எதுவும் செய்யல மாமா.”

பிறகு மனைவி தேவகியை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது ஜெயகுமார். பதினாறாம் நாள் காரியத்தில் உட்கார வேண்டியதும் அவன்தான். “அந்தக் கை அவருக்குப் பிண்டம் பிடிக்க வேணாம். நீங்க உக்காருங்க தம்பி” என்று பரஞ்சோதியிடம் சொல்லிவிட்டார் குணசுந்தரி. “அவர் உக்காரலேன்னா நானும் வரல” என்று போனில் சொல்லிவிட்டாள் தேவகி. ஒரே மகள் இல்லாமல் அப்பாவின் காரியம் நடக்கப்போகிறது. குடும்பத்துப் பெரியவர் பக்கிரிசாமி மட்டும், “ஆதாரம் இல்லாம ஒருத்தன வாசலோட நிறுத்தக் கூடாது. பதினஞ்சாம் நாள் சாயங்காலத்துக்குள்ள அந்தப் பாட்டிலக் கொண்டா” என்றார்.

பாட்டில் கிடைக்கவில்லை. ஆனால் பதினைந்தாம் நாள் காலை ஷாமளா தொட்டி மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய், மூடியிலிருந்து உடைந்த ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொண்டுவந்தாள். அதில் பாதி கிழிந்த ஒட்டுச்சீட்டு. ‘...வரன் மீன் கடை, லூனாஸ்.’

“தலைக்கு ஒட்டடை, முட்டிக்கு மஞ்சத் தண்ணி. போனஸ்ல எழுதிக்குங்க பாஸ்.”

“காடிய எடு.”

லூனாஸ் சாலையில் இருபுறமும் செம்பனை. ஷாமளா காரை ஓட்டினாள். முன்பு கூலிம் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சிப் சோதித்துக்கொண்டிருந்தவள். பழுதைக் கண்டுபிடிக்காமல் கையிலிருப்பதைக் கீழே வைக்க மாட்டாள். அந்தக் குணத்துக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார். அதே குணம் இன்று எரிச்சலாக இருந்தது.

“ஒரு சந்தேகம் பாஸ். அமோனியா ஊத்துனா மூக்கு எரியும்ல?”

“எரியும்.”

“உங்க அண்ணி பதினஞ்சு வருசம் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவங்க. பால் வாளியில அமோனியா ஊத்துன கை. அடுப்படியில நின்னுகிட்டுப் பாத்தேங்கிறாங்க, நாத்தம் வந்துச்சுன்னு சொல்லலியே. கண்ணு டியூட்டியில இருந்துச்சு, மூக்கு லீவா?”

“கொஞ்சமா ஊத்தியிருப்பான்.”

“கொஞ்சமா ஊத்துனா சாகாது. நெறைய ஊத்துனா நாறும்.” அவள் ஒரு லாரியை முந்தினாள். “இன்னொண்ணு. துரை மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூட ஆரம்பிச்சது பத்தாம் நாள். மாப்பிள்ளை வந்தது பன்னெண்டாம் நாள். கொலைகாரன் வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தியே ஆள் சாகத் தொடங்கிட்டாரு. இப்படி மரியாதை தெரிஞ்ச பிணத்த நான் பாத்ததில்ல.”

“ஷாமளா.”

“சரி பாஸ். ரோட்டப் பாக்குறேன்.”

புவனேஸ்வரன் மீன் கடை இரண்டு கடைகளுக்கு நடுவே ஒடுக்கமாக, உள்ளே ஆழமாக இருந்தது. சுவர் முழுக்கத் தொட்டிகள். எல்லாவற்றிலும் காற்றுக் குமிழிகளின் சத்தம். புவனேஸ்வரனின் விரல்கள் நாளெல்லாம் தண்ணீரில் கிடந்து சுருங்கியிருந்தன. பரஞ்சோதி நீட்டிய பெயரட்டையை ஈரம் படாமல் ஓரத்தில் பிடித்துப் படித்தார்.

“துப்பறியும் அலுவலகமா. என் கடையில மீனெல்லாம் வாயத் தொறக்கும்ணே, ஆனா சாட்சி சொல்லாது.”

“எங்க பாஸுக்கு அது போதும். வாயத் தொறந்தாலே கேஸ முடிச்சிடுவாரு” என்றாள் ஷாமளா.

பரஞ்சோதி வளையத்தைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். “இது உங்க கடைச் சாமானா?”

“என்னோடதுதான். போன வாரம் ஒரு தம்பி வாங்கிட்டுப் போச்சு. பால் பேக்டரி சட்டை போட்டிருந்துச்சு.”

பரஞ்சோதி ஷாமளாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெற்றியை நினைத்து அவர் பின்னால் பலமுறை கூசியிருக்கிறார்.

“பாட்டில்ல என்ன விஷம்?”

“விஷமா?” புவனேஸ்வரன் அலமாரியிலிருந்து அதே போன்ற ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே கலங்கல் தண்ணீர். “நல்ல கிருமிண்ணே. உயிரோட இருக்கறது. விஷத்த முறிக்க வாங்குனாரு. மாமனாரோட கெலிசா மேல வந்து மூச்சு வாங்குதுன்னு, தொட்டித் தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. சொட்டு விட்டுப் பாத்தேன். கரும்பச்சை.”

“அவன் ஊத்துறதுக்கு முன்னாடியே?”

“முன்னாடியேதான். அமோனியாவ யாரும் வெளியேருந்து கொண்டாந்து ஊத்த வேணாம்ணே. மீன் தின்னது, கழிச்சது, மிஞ்சின தீனி, எல்லாம் அமோனியாதான். அத உக்காந்து தின்றதுக்குன்னு ஒரு கிருமி இருக்கு. அது குடியிருக்கற எடம் வடிகட்டிப் பஞ்சு. பஞ்சுல பழுப்பா வழுவழுன்னு இருக்கும் பாருங்க, அதான் ஊரு, அதான் ஜனம். வருசக்கணக்கா வளந்திருக்கும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பஞ்ச யாரோ பைப் தண்ணியில வெளுக்கக் கழுவிட்டாங்க. கசக்குனதுல பாதி போச்சு, மிச்சம் குளோரின்ல செத்துப்போச்சு.”

எங்கோ ஒரு தொட்டியில் பெரிய மீன் ஒன்று புரண்டது.

பரஞ்சோதி தன் சின்ன நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். மூன்றாம் மனிதர் ஒருவரைப் பற்றி விசாரிக்கும் அதே குரலில், “ஆனா தண்ணி புதுசா மாத்தியிருந்ததே. குளோரின் போன தண்ணி” என்றார்.

“தண்ணி சுத்தம்தான். வீடுங்க நெறைஞ்ச தாமான்ல குப்பை அள்ற லாரிக்காரன வேலைய விட்டு நிறுத்திட்டு, அன்னிக்கு மட்டும் தெருவக் கூட்டி வெச்சா எப்படி? முத நாள் பளபளன்னு இருக்கும். மூணாம் நாள் நாற ஆரம்பிக்கும். அந்த வீட்டுல தீனிக்கு இறால் கூடுதலாப் போட்டிருந்தா இன்னும் சீக்கிரம்.”

“கழுவினது யாருன்னு அந்தத் தம்பி சொன்னாரா?”

“ஏதோ மாமாவாம். பாவம், சொந்த அண்ணன் செத்த துக்கத்துல, நல்லது செய்றதா நெனச்சுக் கழுவிட்டாராம். பாதித் தண்ணிய உடனே மாத்துங்கன்னேன். ‘அத்தை விட மாட்டாங்க, மாமா இப்பத்தானே மாத்துனாரு, ஏன்னு கேப்பாங்க, கேட்டா அவரு பேரச் சொல்லணும்’னு இந்தப் பாட்டில வாங்கிட்டுப் போனாரு. தாமதம்ணே. கிருமி குடியேறி ஊராகறதுக்கு ஒரு மாசம் ஆகும்.” புவனேஸ்வரன் பெயரட்டையை மறுபடி பார்த்தார். “நீங்க அந்த மாமாவக் கண்டீங்கன்னா சொல்லிடாதீங்க. அந்தத் தம்பி கையப் புடிச்சு கேட்டுகிட்டுச்சு.”

“சொல்லல” என்றார் பரஞ்சோதி. நோட்டில் அதுவரை ஒரு எழுத்தும் எழுதவில்லை. மூடி வைத்தார்.

காடியில் ஷாமளா சாவியைத் திருப்பவில்லை. கைகளை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“குழாயப் புடிச்சது நான்தான் பாஸ்.”

“கசக்குனது நான்.”

பின்சீட்டில் ஆதாரம் என்று அவர் எடுத்துவந்த அண்ணனின் நோட்டு கிடந்தது. நீல அட்டை, பதினோரு வருடத்துத் தண்ணீர்க் கணக்கு. அமில அளவு, அமோனியா, தண்ணீர் மாற்றிய தேதி. பரஞ்சோதி அதை இரண்டு முறை புரட்டியிருந்தார், ‘மாப்பிள்ளை’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று மட்டும் தேடிக்கொண்டு. ஷாமளா கை நீட்டி எடுத்து முதல் அட்டையைத் திறந்தாள். அட்டையின் உள்பக்கம், அண்ணனின் கொட்டை எழுத்தில், அடிக்கோடிட்டு:

‘பஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு அலசு. பைப்பில் காட்டக்கூடாது. வெளுக்கக்கூடாது.’

அண்ணன் இதை வாயாலும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், தே தண்ணி ஆறிப்போகிற வரைக்கும். “மீனுக்குத் தண்ணி பாக்கறவன், மனுசனுக்குத் தாகம்னா கேக்க மாட்டான்” என்று பரஞ்சோதி கேலி செய்வார். சிரித்துவிட்டு அண்ணன் மறுபடி தண்ணீரைப் பற்றியே பேசுவார். அந்தப் பேச்சில் இன்னும் ஒரு வரியாவது காதில் ஏறியிருந்தால்.

“ஒரு வழி இருக்கு” என்றார் பரஞ்சோதி, சாலையைப் பார்த்தபடி. “பாட்டில்ல மருந்துதான்னு சொல்லிடலாம். அது உண்மை. மீனுக்கு வயசாச்சு, செத்துப்போச்சு. மாப்பிள்ளை மேல தப்பில்ல. அவ்வளவுதானே வேணும்.”

ஷாமளா நோட்டை மூடி அவர் மடியில் வைத்தாள். அவளிடம் ஒரு கேலியாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

ஜெயகுமார் பகல் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். கதவைத் திறந்ததும் முதலில் வந்தது அவன் சட்டையின் வாசனை. அமோனியா. ஒரு கதவளவு தூரத்திலேயே கண்ணைக் கரித்தது. பதின்மூன்றாம் நாள் காலை அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது பரஞ்சோதியின் மூக்கும் உடனிருந்தது. நாற்றம் இல்லையென்று அது அன்றைக்கே சாட்சி சொல்லியிருக்கிறது. அவர்தான் கேட்கவில்லை.

“உள்ள வாங்க மாமா. அக்கா, நீங்களும் வாங்க.”

அவர் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, கையிலிருந்த வளையத்தைக் காட்டினார். ஜெயகுமார் அதைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

“மீன் கடைக்குப் போனீங்களா.”

“ஏன் சொல்லல? பதினஞ்சு பேர் முன்னால உன்ன நிக்க வெச்சுக் கேட்டேனே.”

“அன்னிக்கு நான் கேட்டுக்கு வெளிய படையல் சாமான் எறக்கிட்டு நின்னேன் மாமா. நீங்க பைப்படியில பஞ்சக் கசக்குறதப் பாத்தேன். அழுதுகிட்டே கழுவுனீங்க. சாவு வீட்டுல, சுடுகாட்டுல, கோத்தா கோலா மூடாவுல சாம்பல் கரைச்சப்பக்கூட நீங்க அழல. அங்கதான் அழுதீங்க.” அவன் தரையைப் பார்த்தான். “அந்த ஆளப் பாத்து, நீங்கதான் கொன்னீங்கன்னு எப்படி மாமா சொல்றது?”

உள்ளே தேவகியின் காலடிச் சத்தம் கேட்டது. ஜெயகுமார் குரலைக் குறைத்தான்.

“பாட்டில்ல மருந்துன்னு மட்டும் சொல்லுங்க. மீனுக்கு வயசாச்சுன்னு சொல்லிடலாம். அத்தை நம்பிடுவாங்க.”

தான் காடியில் யோசித்த அதே சொற்கள். தன் வாயில் அவை தப்பிக்கும் வழியாக இருந்தன. இவன் வாயில் அவை அவருக்குக் கொடுக்கும் தானமாக இருந்தன. பரஞ்சோதியால் அங்கே நிற்க முடியவில்லை.

“நாளைக்குக் காலையில வேட்டி கட்டிகிட்டு வந்துடு” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம், அண்ணன் வீட்டில் அதே கூடம், ஏறக்குறைய அதே பதினைந்து பேர். பக்கிரிசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, “பாட்டில் எங்கப்பா?” என்றார்.

இருபது வருடமாகப் பிறர் மறைத்ததைச் சபையில் எடுத்துச் சொல்லிப் பழகிய வாய். இப்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மாப்பிள்ளை ஊத்துனது விஷமில்ல. விஷத்துக்கு மாத்து மருந்து. விஷம் தொட்டியில ஏற்கெனவே இருந்தது. நான் பஞ்சக் கழுவினதால வந்தது.” நிறுத்தினார். இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது. “அது தெரிஞ்சும் எனக்காக அவன் பேசாம நின்னான். அவனப் பாத்து நான் விரல் மடக்கினேன்.”

ஒருவர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாக இருக்கக்கூடாதென்று அவர்கள் எடுத்துக்கொண்ட அந்தச் சிரமம்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

குணசுந்தரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். “அவரு சொல்லிகிட்டே இருப்பாரு. நீங்க கேக்க மாட்டீங்க” என்றார், குரல் உயராமல். பிறகு, “நானும் இறால் கூடக் கூடப் போட்டேன் தம்பி. அவரு இல்லாம அது ஏங்குதேன்னு. அதனாலயும் இருக்குமா?”

பரஞ்சோதி ஷாமளாவைப் பார்த்தார். அவள் சன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல அண்ணி. பஞ்சு மட்டும்தான்.”

பதினாறாம் நாள் காரியத்தில் ஜெயகுமார் உட்கார்ந்தான். அவனுக்கான வேட்டியைக் குணசுந்தரி முன்பே மடித்து வைத்திருந்தார். எப்போது வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. தேவகி அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். பரஞ்சோதி எல்லோருக்கும் பின்னால், கதவோரம்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் தொட்டியிடம் போனார். மோட்டாரை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. தண்ணீர் மேலே ஏறி, வடிகட்டி வழியாக இறங்கி, காலித் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் வடிகட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

பஞ்சு அவர் கழுவி வைத்த மாதிரியே வெள்ளையாக இருந்தது.